மரம் வளர்ப்போருக்கு ஒரு கூட்டுறவு
(காட்டாக்கடையில் கூட்டுறவு அலுவலர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் ஆற்றிய உரை)



தனியார் காடு என்றதும் உங்களிற் பலர் மலபாரை நினைப்பீர்கள். அங்கிருந்த தனியார் காடுகள் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசுக்கு உரிமையாயின. ஆயினும் காட்டாக்கடையிலிருந்து பாறசாலை வரையுள்ள சிற்றூர்களில் நடந்து பாருங்கள். வீட்டுப் புரையிடங்களில் பலா, அயினி, தேக்கு. மேட்டு நிலங்களில் ரப்பர். கேரளத்தின் மரத் தேவையில் பெரும்பகுதியை நிறைவு செய்பவை அரசுக் காடுகள் அல்ல, இத்தகைய நிலங்களே. ஐம்பது சென்ட், ஓர் ஏக்கர் எனத் துண்டுபட்டுக் கிடப்பதால் இதை நாம் காடாக எண்ணுவதில்லை.

ரப்பர் மரத்தின் பயன்தரும் காலம் ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள். ஆகவே ஒருவர் தம் வாழ்நாளில் ஒரு முறையோ இரு முறையோதான் தோட்டத்தை வெட்டி விற்கிறார். வணிகரோ நாள்தோறும் வாங்குகிறார். கண்ணால் அளந்து மொத்த விலை சொல்கிறார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. தம் தொழிலை அறிந்தவர் அவர். மகள் திருமணமோ மருத்துவச் செலவோ நெருக்கும்போது விற்பவருக்குப் பேரம் பேசும் வலிமை ஏது?

தெற்கு ஸ்வீடனில் 1938இல் தோன்றிய சோத்ரா என்னும் கூட்டுறவு இதே சிக்கலுக்கு விடை தேடியது. இன்று சுமார் 50,000 காட்டு உடைமையாளர்கள் அதன் உறுப்பினர்கள். மரக்கூழ் ஆலைகளும் மரம் அறுக்கும் ஆலைகளும் அவர்களுக்கே சொந்தம். 1970களின் இறுதியில் அது பெரும் நெருக்கடியில் சிக்கி, அரசின் முதலீட்டால் மீண்டது என்பதையும் சொல்லவேண்டும். கூட்டுறவு என்ற பெயர் மட்டுமே நட்டத்தைத் தடுத்துவிடாது.

2005 சனவரியில் வீசிய குத்ருன் புயல் அப்பகுதியில் சுமார் 7.5 கோடி கன மீட்டர் மரத்தைச் சாய்த்தது. தனித்தனியே விற்றிருந்தால் விலை என்னவாகியிருக்கும்! விழுந்த மரங்களைத் திரட்டி, மலைபோல் அடுக்கி, இடைவிடாது நீர் தெளித்துக் கெடாமல் காத்துச் சிறிது சிறிதாக ஆலைக்கு அனுப்பினார்கள்.

2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் நம் எல்லைக்கு அப்பால் கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர்த் தோட்டங்களைச் சாய்த்ததை நீங்கள் அறிவீர்கள். வெட்டிய ரப்பர் மரத்தில் சில நாட்களிலேயே பூஞ்சை பற்றிக் கறை பாய்ந்துவிடும். உடனே அறுத்து, போரான் கலவை ஏற்றி, உலர்த்தினால்தான் மேசை நாற்காலிக்கு ஆகும். இல்லையேல் பெட்டிப் பலகைக்கும் விறகுக்குமே போகும். அத்தனை பேரும் ஒரே வாரத்தில் விற்க முனையும்போது, காக்க இடமும் கருவியும் இல்லாதவர் கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டியதுதான்.

நம்மிடம் அடித்தளமே இல்லை என்று சொல்லமுடியாது. ரப்பர் வாரியம் 1980களில் ஊக்குவித்த ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்கள் ஊர்தோறும் உள்ளன. பால் சேகரிப்பிலும் இடுபொருள் வழங்கலிலும் அவை பழகியவை. ஆனால் அவை 1955ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்–கொச்சிச் சட்டப்படி பதிவான அறநோக்குச் சங்கங்கள். ஆதாயத்தை உறுப்பினருக்குப் பங்கிடும் வணிகத்துக்கு அச்சட்டம் பொருந்தாது. கூட்டுறவுச் சங்கமாகவோ, 2002ஆம் ஆண்டுத் திருத்தம் வகுத்த உற்பத்தியாளர் நிறுவனமாகவோ தனி அமைப்பு வேண்டும். மரம் வெட்டும் உரிமையைப் பொறுத்தவரை, 2005ஆம் ஆண்டுக் கேரளச் சட்டம், அறிவிக்கை செய்யப்படாத பகுதிகளில், சந்தனம் தவிர்த்த மரங்களை வெட்டவும் கொண்டு செல்லவும் நில உரிமையாளருக்கு வழிவிட்டிருக்கிறது.

அலுவலர்கள் பெரும்பாலும் கட்டடத்திலிருந்தே தொடங்க விரும்புகிறோம். நானோ ஒரு பேரேட்டிலிருந்து தொடங்கச் சொல்வேன். யாருடைய நிலத்தில் என்ன மரம், எந்த ஆண்டு நட்டது, நெஞ்சுயரத்தில் சுற்றளவு எவ்வளவு என்பதை ஊர்வாரியாக எழுதுங்கள். அளவு நாடாவுடன் இங்குள்ள மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் இதைச் செய்துவிடலாம். எந்த ஆண்டில் எவ்வளவு மரம் வெட்டுக்கு வரும் என்று தெரிந்த பின்னரே, பதப்படுத்தும் ஆலைக்குக் கடன் கேட்டு வங்கியின் படியேற வேண்டும்.