மழையைக் கேட்கும் இறகு



அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் பழங்குடிகளான புவெப்லோ மக்களின் கலையில் பறவை பெறும் இடத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பானையில் இருக்கும் பறவைக்கு முன், அவர்கள் தீனி போட்டு வளர்த்த பறவையைப் பார்த்துவிடுவோம்.

நியூ மெக்சிகோவின் சாக்கோ பள்ளத்தாக்கு வறண்ட பூமி. ஆண்டுச் சராசரி மழை 25 செ.மீ.க்கும் குறைவு. அங்கே புவெப்லோ போனிடோ என்னும் மாபெரும் கல் குடியிருப்பை 1890களில் அகழ்ந்தபோது, செந்நிறப் பஞ்சவர்ணக்கிளிகளின் எலும்புகள் கிடைத்தன. அந்தக் கிளியின் தாயகம் மெக்சிகோவின் ஈரக்காடுகள். ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் தெற்கே. 2015இல் வெளியான கரிமக் காலக்கணிப்பின்படி அவற்றுள் மிகப் பழையவை கி.பி. 900–975ஐச் சேர்ந்தவை. அப்போது அங்கே குதிரையும் இல்லை, வண்டியும் இல்லை. உயிருள்ள கிளியைச் சுமந்து, வழிநெடுக உணவூட்டி, பாலை கடந்து நடந்திருக்கிறார்கள். 38ஆம் எண் அறையின் தரையில் பறவை எச்சம் தடித்துப் படிந்திருந்தது. அலங்காரத்துக்காக மட்டும் இவ்வளவு பாடுபட்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

புவெப்லோ மக்களுள் ஒரு பிரிவினரான சூனி ஊராரின் திசைக் கணக்கில் தெற்கின் நிறம் சிவப்பு. அவர்களின் கோடைமழைக்கான ஈரக்காற்று வருவதும் தெற்கிலிருந்துதான். அவர்களின் தோற்றக் கதையில் மக்கள் முன் முட்டைகள் வைக்கப்படுகின்றன. சில பளபளக்கும் நீலம், சில மங்கல். நீலத்துக்கு ஆசைப்பட்டவர்களுக்கு அண்டங்காக்கை பொரிந்தது. அவர்கள் குளிர்கால மக்கள் ஆனார்கள். மங்கலை ஏற்றவர்களுக்குப் பஞ்சவர்ணக்கிளி. அவர்கள் கோடையின் மக்கள்.

மற்றொரு புவெப்லோ பிரிவினரான ஹோப்பி மக்கள் குச்சியில் இறகு கட்டிச் செய்யும் வேண்டுதல் பொருளுக்குப் பாஹோ என்று பெயர். ஊற்றருகிலும் வழிபாட்டிடத்திலும் அதை வைப்பார்கள். மூச்சுக்கே அசையும் இறகு வேண்டுதலை ஏற்றிக்கொண்டு மேகத்திடம் போகிறது. வான்கோழியைக்கூட அவர்களின் முன்னோர் நெடுங்காலம் இறைச்சியைவிட இறகுக்காகவே வளர்த்தார்கள். யூட்டாவின் பிளாண்டிங் ஊர் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு போர்வையில் ஏறத்தாழ 11,500 இறகுகள், யூக்கா நார்க்கயிற்றில் சுற்றப்பட்டிருக்கின்றன.

இப்போது பானைக்கு வருவோம். ஹோப்பி நிலத்தில் உள்ள ஹானோ ஊரின் மட்பாண்டக் கலைஞர் நம்பேயோ (1942இல் மறைந்தவர்) சிக்யாட்கி என்னும் பழைய ஊரின் ஓட்டுச்சில்லுகளைப் பார்த்து அதன் மட்பாண்ட மரபுக்கு மறுவாழ்வு தந்தார். அவர் கலங்களில் முழுப் பறவையைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. வளைந்த அலகு, விரிந்த வால், வரிசையாக இறகுநுனிகள், அவ்வளவே. பறவையில் வேண்டுதலைச் சுமக்கும் பகுதி எதுவோ அதை மட்டும் வைத்துக்கொண்டு, உடலை விட்டுவிட்டார் என்றே நான் அதைப் படிக்கிறேன். பார்வை மங்கிய பின்னும் அவர் விரலால் தடவித் தடவி வனைந்தார். குடும்பத்தார் வண்ணம் தீட்டினார்கள்.

இறகைக் கொண்டு வேண்டும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. அமெரிக்கச் சட்டம் கழுகின் இறகைக் கடுமையாகக் காக்கிறது; சடங்கோ இறகின்றி நடவாது. 1999இல் சூனி மக்கள் தங்களுக்கென்றே ஒரு கழுகுக் காப்பகம் திறந்தார்கள். காயமுற்று, இனிக் காட்டில் பிழைக்கமுடியாத கழுகுகளை அங்கே பேணி, அவை உதிர்க்கும் இறகுகளைப் பொறுக்கிச் சடங்குக்குப் பகிர்ந்தளிக்கிறார்கள்.