மண்டையோட்டின் அடித்தளக் கட்டிகள்: மூக்குவழி அறுவையும் மூடும் கலையும்

நரம்பியல் அறுவை வல்லுநர்களும் காது மூக்குத் தொண்டை வல்லுநர்களும் ஒரே மேசையில் கைகோத்துச் செய்ய வேண்டிய அறுவையே இக்கருத்தரங்கின் பொருள்.

மூளையைத் தாங்கி, கண்குழிகளுக்கும் மூக்குக்கும் பின்னே பரந்திருக்கும் எலும்புத் தளமே மண்டையோட்டின் அடித்தளம். பார்வை நரம்புகளும், மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் கரோடிட் தமனிகளும் அதனூடே செல்வதால், அங்கு எழும் கட்டி புற்றாக இல்லாவிடினும் இருக்கும் இடத்தாலேயே கொடியதாகிறது.

அக்கட்டிகளை மூக்குவழி அணுகுவது புதிய எண்ணமன்று. இன்ஸ்ப்ரூக் நகரில் ஹெர்மன் ஷ்லோஃபர் 1907இல் மூக்கையே ஒருபுறம் புரட்டிப் பிட்யூட்டரி சுரப்பியின் கட்டியை அகற்றினார். 1910இல் வியன்னாவின் ஆஸ்கர் ஹிர்ஷ் முகத்தில் வெட்டின்றி நாசித் துளை வழியாகவே அங்குச் சென்றார். ஆயினும், இவ்வழியில் பெரும்பெயர் பெற்றிருந்த அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் பின்னர் மண்டையோட்டைத் திறக்கும் முறைக்கே திரும்பியதால், எடின்பரோவின் நார்மன் டாட் போன்ற மிகச் சிலரிடம் மட்டுமே இவ்வழி உயிரோடிருந்தது. டாட்டிடமிருந்து அதனைப் பாரிசின் ஜெரார் கியோ கற்க, அவர்வழி வந்த மாண்ட்ரியாலின் ஜூல் ஹார்டி 1960களில் அறுவை நுண்ணோக்கியைச் சேர்த்தார். மெல்லிய குழாயின் நுனியிலிருந்தே ஒளியும் காட்சியும் தரும் எண்டோஸ்கோப் 1990களில் வந்து சேர்ந்தபின், மூலைமுடுக்குகளும் கண்ணுக்குப் புலப்படலாயின.

சென்றடைவது இவ்வாறு எளிதாக, மூடுவதே பெருஞ்சிக்கலாக நின்றது. மூளையுறையைத் திறந்த இடம் சரிவர அடைபடாவிட்டால், மூளையைச் சூழ்ந்துள்ள நீர் மூக்கில் கசிந்து, கிருமிகள் மேலேறி, மூளையுறை அழற்சி நேர்கிறது. 2006இல் அர்ஜென்டீன மருத்துவர்களான ஹதாத்தும் பஸாகஸ்தேகியும் தம் குழுவினருடன் வெளியிட்ட முறையில், மூக்கின் நடுச்சுவரை மூடிய சளிச்சவ்வு, தன் தமனியோடு பிரியாமல் மடலாக உரித்தெடுக்கப்பட்டு, கட்டி அகற்றப்படும்வரை மூக்கின் பின்புறத்தில் ஒதுக்கப்பட்டு, இறுதியில் திறப்பின்மேல் விரிக்கப்படுகிறது. குருதியோட்டம் உள்ள திசு விரைவில் ஒட்டிக்கொள்கிறது. பெரிய திறப்புகளில் குருதியோட்டமற்ற ஒட்டுத்திசுவால் 15.6 விழுக்காடாக இருந்த கசிவு, இத்தகைய மடல்களால் 6.7 விழுக்காடானதாக 2012இன் தொகுப்பாய்வு ஒன்று காட்டிற்று. ஆனால் மடலின் அத்தமனி, அறுவைப் பாதையில் உள்ள ஸ்பீனாய்டு எலும்பறையின் வாயிலுக்குச் சற்றுக் கீழே ஓடுவதால், மடலை முன்கூட்டித் திட்டமிடாமல் அவ்வாயிலை அகலப்படுத்துபவர், மூடுவதற்கான துணியைத் தாமே கிழித்துவிடுகிறார்.

வெளியே தழும்பில்லை என்பதால் மூக்குவழி அறுவையைச் சிற்றறுவை எனக் கருதுவது பிழை. பார்வை நரம்புக்கும் கரோடிட் தமனிக்கும் வெளிப்புறமாகப் பரவிய கட்டிக்கு மண்டையோட்டைத் திறப்பதே பல வேளைகளில் பாதுகாப்பானது. அறுவைக்குப்பின் மாதக்கணக்கில் மூக்கில் பொருக்குக் கட்டுவதும், மணமறியும் திறன் குன்றுவதும் நோயாளிகள் செலுத்தும் விலை. முடிவுகளைக் கணக்கிடுகையில் பார்வையோடும் கசிவோடும் மணவுணர்வையும் அளந்து பதிவதை இக்கருத்தரங்கின் கட்டுரைகள் வழக்கமாக்குதல் வேண்டும்.