பழுது நீக்குவோரின் பணி



மருத்துவரையும் நர்ஸையும் நாம் அறிவோம். அவர்கள் கையாளும் கருவி பழுதானால் சரிசெய்பவரை அறிவோமா? கண் அறுவைக்கான மைக்ரோஸ்கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரக்காற்றில் லென்சின்மேல் பூஞ்சை படரும், பல்பு எரிந்துபோகும். குறை சிறியதுதான். ஆனால் உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்த மூதாட்டி அன்று சிகிச்சையின்றித் திரும்ப நேரிடும்.

1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி நம் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இதை நன்கு உணர்ந்தது. பிற மருத்துவமனைகளின் ஊழியருக்கும் கருவிப் பராமரிப்புப் பயிற்சி அளித்து வருகிறது.

பெற்றோரே, பத்தாம் வகுப்பு தேறிய மகனோ மகளோ பாலிடெக்னிக்கில் 3 ஆண்டு டிப்ளமோ படிக்கலாம். பயோமெடிக்கல் பிரிவினர் மட்டுமன்றி, எலெக்ட்ரானிக்ஸ் பயின்றோரும் இத்தொழிலுக்கு வர வழியுண்டு.

இளைஞர்களே, சாலிடரிங் பழகினால் மட்டும் போதாது. பழுது நீக்கிய ஈ.சி.ஜி. மெஷினின் எர்த் இணைப்பையும், அது காட்டும் அளவையும் சோதித்த பின்பே நோயாளியிடம் கொண்டுசெல்ல வேண்டும். தவறான அளவு காட்டும் மெஷின், நின்றுபோன மெஷினைவிட ஆபத்தானது. ஆகவே கைத்திறனோடு மனச்சாட்சியும் உள்ளவர்கள் இத்தொழிலுக்கு வாருங்கள். உழைப்புக்கு ஊதியமும் உண்டு. நோயாளிக்கு உதவிய நிறைவும் உண்டு.