காடு என்னும் சொல்லும் சிறுத்தையின் தடமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



சொல்லையே பொருளாகக் கொண்டு பத்தாண்டுகள் கூடிப் பேசிய அவை இது. இவ்வவையில் ஒரு விலங்கியலாளரின் பணியைப் பேச எடுத்துக்கொள்வது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். வித்யா ஆத்ரேயா என்னும் அந்த அறிவியலாளர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறுத்தையின் பின்னே நடந்தவர். அவர் ஆராய்ந்தது விலங்கை. ஆராய்ச்சி அசைத்துப் பார்த்ததோ ஒரு சொல்லை. அச்சொல் ‘காடு’ என்பது.

தமிழில் ‘காடு’ இரு பொருள் உடையது. மரமடர்ந்த வனம் காடு. கொங்கு நாட்டு உழவர் ‘காட்டுக்குப் போய் வருகிறேன்’ என்று சொல்லும்போது குறிப்பது அவருடைய விளைநிலத்தை. சோளக்காடு, பருத்திக்காடு, கரும்புக்காடு என்று விதைத்து வளர்த்ததையும் காடு என்றே வழங்குவது நம் மரபு. அரசின் நிலப்படம் இதை ஏற்பதில்லை. அது கோடு கிழித்து, இப்புறம் வனம், அப்புறம் ஊர் என்று பிரிக்கிறது. வனத்தில் விலங்கு இருக்கலாம். ஊரில் இருந்தால் அது வழி தவறியது. பிடித்துக் கொண்டுபோய் வனத்தில் விட வேண்டும். இந்த எண்ணம் எளியது, நியாயமானது போலத் தோன்றுவது. அதன் விலை மனித உயிராக இருந்தது என்பதே வித்யா ஆத்ரேயாவின் முதற் கண்டுபிடிப்பு.

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சூழலியல் பயின்ற அவர், மகாராஷ்டிரத்தின் புணே மாவட்டத்து ஜுன்னர் பகுதிக்கு வந்து சேர்ந்தார். அணைகளும் கால்வாய்களும் வந்தபின் அப்பகுதியில் கரும்பு பரவிற்று. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, ஓராண்டுக்கு மேலும் வெட்டப்படாமல் நிற்கும் கரும்பு, சிறுத்தைக்கு நிழலும் மறைவும் தந்தது. பக்கத்திலே நீர், ஊரிலே நாயும் ஆடும். சிறுத்தைகள் கரும்புக்குள்ளேயே குட்டி ஈன்று வளர்த்தன. அறுவடைக்கு வந்த கூலியாட்கள் கரும்புச் சோகைக்கிடையில் குட்டிகளைக் கண்டெடுப்பது வழக்கமான நிகழ்ச்சியாயிற்று.

மக்கள் அஞ்சினர். வனத்துறை கூண்டு வைத்தது. பிடிபட்ட சிறுத்தைகள் சராசரியாக 40 கிலோமீட்டர் அளவுக்கு அப்பால் உள்ள வனங்களில் விடப்பட்டன. யாருக்கும் தீங்கு செய்யாத, வெறுமனே கண்ணில் பட்ட சிறுத்தைகளும் இவ்வாறு கொண்டு செல்லப்பட்டன. ஆனால் 2001க்குப் பின் ஜுன்னரில் தாக்குதல்கள் திடீரெனப் பெருகின. குழந்தைகள் மாண்டனர். பெருகப் பெருகக் கூண்டுகளும் பெருகின.

பிடிபட்ட விலங்குகளுக்கு நுண்சில்லு பொருத்தி அடையாளம் இடும் பணியில் வனத்துறையோடு வித்யா ஆத்ரேயா ஈடுபட்டார். எந்தச் சிறுத்தை எங்கே பிடிபட்டது, எங்கே விடப்பட்டது, தாக்குதல் எங்கே நடந்தது என்று பதிவேடுகளைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டார். 2011இல் அவரும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரையில் முடிவு எண்களாக நின்றது. இடமாற்றத்துக்கு முன் ஆண்டுக்குச் சராசரி 4 தாக்குதல்கள்; பின் 17. அவை சிறுத்தைகளை விடுவித்த இடங்களைச் சுற்றியே செறிந்திருந்தன.

காரணம் விலங்கின் இயல்பில் இருந்தது. சிறுத்தைக்குத் தனக்கென்று ஓர் ஆள்புலம் உண்டு. அதன் ஒவ்வொரு வரப்பும் ஒவ்வொரு நாயின் குரைப்பும் அதற்குத் தெரியும். மனிதர் எப்பொழுது உறங்குவர், எப்பக்கம் ஒதுங்கலாம் என்பதும் தெரியும். அதைப் பிடித்துக் கூண்டில் அடைத்து, மனித வாடையிலும் இரைச்சலிலும் நாட்கணக்கில் வைத்து, அறியாத நிலத்தில் இறக்கிவிட்டால் அது தன் வீடு தேடி நடக்கத் தொடங்கும். வழியெல்லாம் அதற்குப் புதிய ஊர்கள். சிறைப்பட்டிருந்தபோது மனிதரிடத்து இருந்த அச்சம் மங்கியிருக்கவும் கூடும். பழைய இடமோ வெறுமையாக இருப்பதில்லை. வேறொரு சிறுத்தை வந்து அமர்ந்துகொள்ளும். ஓர் ஊரின் அச்சத்தைத் தீர்ப்பதற்காகச் செய்த செயல், மற்றோர் ஊரின் வாசலில் துயரத்தைக் கொண்டுபோய் வைத்தது.

தாம் கண்டதை உறுதி செய்துகொள்ள அவர் அகமத்நகர் மாவட்டத்து (2024இல் அகில்யாநகர் எனப் பெயர் மாறியது) அகோலே பள்ளத்தாக்கைத் தேர்ந்தார். அங்கே வனம் இல்லை. மானும் பன்றியும் திரியும் மலைச்சாரலும் இல்லை. கரும்பும் சோளமும் வீடுகளும்தான். சதுர கிலோமீட்டருக்கு 300க்கு மேற்பட்ட மக்கள். வயல் வழிகளில் தானியங்கி ஒளிப்படக் கருவிகளைப் பொருத்தினார். 2013இல் வெளிவந்த முடிவு அறிவியல் உலகை வியக்க வைத்தது: 100 சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 வளர்ந்த சிறுத்தைகள், அதே அளவில் கழுதைப்புலிகள். இத்தனைக்கும் அங்கே மனிதர்மீது தாக்குதல் அரிது. பகலில் வீடுகளுக்கு அருகே பயிருக்குள் படுத்திருந்து, இரவில் மனிதர் உறங்கியபின் எழுந்து நடமாடும் நெறியை அச்சிறுத்தைகள் கைக்கொண்டிருந்தன.

அவை எதைத் தின்றன என்பதையும் எச்சங்களைக் கொண்டு ஆராய்ந்தனர். உணவில் 87 விழுக்காடு வீட்டு விலங்குகள். நாய் மட்டும் 39 விழுக்காடு. ஆடுகள் நாய்களைப் போல் ஏழு மடங்கு இருந்தும், உணவில் அவற்றின் பங்கு 11 விழுக்காடே. ஆட்டுக்குப் பட்டி உண்டு, காவல் உண்டு. தெருநாய்க்கு யாரும் இல்லை. தெருவோரம் குப்பை சேர நாய் பெருகும். நாய் பெருகச் சிறுத்தை தங்கும். இந்தச் சங்கிலியின் முதற்கண்ணி மனிதன் கையில் இருக்கிறது.

இனி ஒரு தனிச் சிறுத்தையின் கதை. 2009இல் அகமத்நகர் மாவட்டத்துத் தாக்ளி தோகேஷ்வர் என்னும் ஊரில் முதிர்ந்த ஆண் சிறுத்தை ஒன்று கிணற்றில் விழுந்தது. மீட்கப்பட்டபோது ஆரவாரமின்றி அமைதியாக இருந்தமையால் அதற்கு ‘ஆஜோபா’ என்று பெயர் இட்டனர்; மராத்தியில் தாத்தா என்று பொருள். இருப்பிடம் அறிவிக்கும் கழுத்துப்பட்டை பூட்டி மால்ஷேஜ் கணவாயில் விட்டனர். அது மேற்கே நடந்தது. நெடுஞ்சாலையைக் கடந்தது, இருப்புப்பாதையைக் கடந்தது, வசை கழிமுகத்தை நீந்திற்று. ஏறத்தாழ 120 கிலோமீட்டர் கடந்து மும்பையின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை அடைந்தது. வழியில் ஒருவருக்கும் தீங்கு செய்யவில்லை. அது கடந்து சென்றதை அறிந்தவரும் அரியர். 2011 டிசம்பரில் மும்பைக்கு அருகே நெடுஞ்சாலையில் வாகனம் மோதி அது மாண்டது. உடலிலிருந்த நுண்சில்லே, மாண்டது ஆஜோபா என்று சொல்லிற்று. 2014இல் அதன் பெயரிலேயே மராத்தித் திரைப்படம் ஒன்று வெளிவந்தது.

கவிஞர்கள் கருத வேண்டிய பகுதி இனித்தான் வருகிறது. மும்பைப் பூங்காவின் பரப்பு 104 சதுர கிலோமீட்டர் அளவே. அதன் மதிலை ஒட்டியே மாநகரம். 2000த்தின் தொடக்க ஆண்டுகளில் அங்கும் பலர் சிறுத்தைக்குப் பலியாயினர். 2011இல் வனத்துறையும் ஆய்வாளரும் நகர மக்களும் சேர்ந்து நடத்திய முயற்சியில் வித்யா ஆத்ரேயா பங்கேற்றார். செய்தியாளர்களுக்கெனப் பணிமனைகள் நடத்தப்பட்டன. ‘ஊருக்குள் புகுந்த சிறுத்தை’, ‘ஆட்கொல்லி’, ‘அட்டகாசம்’ என்பன போன்ற சொற்கள் என்ன செய்கின்றன? அச்சிறுத்தை அங்கேயே பிறந்திருக்கலாம், அது புகவில்லை. ஆனால் ‘புகுந்தது’ என்று அச்சேறியவுடன் கூட்டம் திரள்கிறது, கூட்டம் கல்லெறிகிறது, மருண்ட விலங்கு பாய்கிறது, கூண்டு வருகிறது. ஒரு வினைச்சொல்லில் தொடங்கியது குருதியில் முடிகிறது. பணிமனைகளுக்குப் பின் மும்பை நாளேடுகளில் அச்சத்தின் நடை குறைந்து அறிதலின் நடை மிகுந்ததை 2017இல் வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்று பதிவு செய்தது. சொல்லாட்சி மாறுவதும் உயிர் காக்கும் வழிகளுள் ஒன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? நடுவணரசு 2011இல் வெளியிட்ட சிறுத்தை–மனிதர் மோதல் வழிகாட்டுதலும், கண்டபடி பிடித்து இடம் மாற்றுவதைத் தவிர்க்கச் சொன்னது.

மகாராஷ்டிரத்து வார்லி மக்களுக்கு ‘வாகோபா’ என்றொரு தெய்வம் உண்டு. புலிக்கும் சிறுத்தைக்கும் அதுவே பெயர். செந்தூரம் பூசிய கல்லும் மரமும் அதன் திருமேனி. ஆண்டுதோறும் படையலிட்டு, ‘எங்களையும் எங்கள் மாட்டையும் காத்தருள்’ என்று வேண்டுவர். வித்யா ஆத்ரேயாவும் இளைய ஆய்வாளர்களும் இவ்வழிபாட்டை ஆராய்ந்து, 150 அளவில் கோயில்களைப் பதிவு செய்தனர். இது நமக்கும் அயலன்று. தமிழ்நாட்டிலும் கருநாடகத்திலும் புலியோடு பொருது மாண்டவர்க்கு எடுத்த நடுகற்கள் நிற்கின்றன. குறிஞ்சித் திணைப் பாடல்களில் பூத்த வேங்கை மரத்தைப் புலியென்று யானை மருளும். அஞ்சியும் பகைத்தும் வணங்கியும், விலங்கை அண்டை வீட்டாராகவே முன்னோர் எண்ணினர். அந்த எண்ணத்தில் இழப்பும் அடங்கியிருந்தது. கல் நட்டதே இழப்பை மறவாமைக்காகத்தான்.

இழப்பு முடிந்துவிடவும் இல்லை. 2025ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் அதே புணே மாவட்டத்தில் குழந்தைகள் உட்படச் சிலர் சிறுத்தையால் உயிரிழந்தனர். மக்கள் சாலையை மறித்தனர். கரும்பு வெட்டும் கூலியாளின் பிள்ளையை இழந்த தாயிடம் ‘உடன்வாழ்வு’ என்ற சொல்லை எடுத்துச் செல்ல எவருக்கும் நா எழாது. விலங்கைப் போற்றும் பெருமை நகரத்தாருக்கும், அதன் பல்லுக்கு எதிரே வாழும் பொறுப்பு ஏழைக்கும் என்றிருப்பது அறமன்று. உயிருக்கு ஆபத்தான விலங்கை அகற்றத்தான் வேண்டும். எந்த விலங்கு, எவ்வாறு என்று அறிந்து அகற்ற வேண்டும் என்பதே ஆய்வு உணர்த்துவது. கதவுள்ள வீடு, விளக்குள்ள தெரு, வீட்டுக்குள் கழிப்பறை, உறுதியான ஆட்டுப்பட்டி, தாமதமின்றிக் கிடைக்கும் இழப்பீடு ஆகிய இவையும் சிறுத்தைப் பாதுகாப்பே.

‘ஊர்’ எது, ‘காடு’ எது என்று ஓர் அறிவியலாளர் கேட்டார். விடையைத் தேடிக் கரும்புக்குள் நடந்தார். அவர் கண்ட விடை, கரும்புக்காடு என்ற சொல்லில் நம் உழவர் வாயில் முன்னரே இருந்தது. எழுதுகோல் பிடிக்கும் கைகள் அடுத்த முறை ‘புகுந்தது’ என்று எழுதப் போகையில் ஒரு நொடி நின்றால் போதும். அதற்கு முன் அங்கே யார் இருந்தார் என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால் போதும்.