சீறும் கம்ப்ரசர்

வீட்டில் சின்ன ஏர் கம்ப்ரசர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். மோட்டார் நின்றதும் பிரஷர் சுவிட்ச் பக்கம் ஓரிரு நொடி ‘புஸ்’ என்று காற்று போகும், அது இயல்புதான். விடாமல் சீறிக்கொண்டே இருந்தால்தான் கோளாறு. பலர் உடனே சுவிட்சை மாற்றிக் காசைக் கரியாக்குவார்கள். பெரும்பாலும் குற்றவாளி, டேங்குக்குள் காற்று நுழையும் இடத்தில் இருக்கும் செக் வால்வு. அதில் தூசியோ கரியோ ஒட்டினால் சரியாக மூடாது. டேங்க் காற்று திரும்பி வந்து சுவிட்ச் பக்கம் சீறும்.

பிளக்கைப் பிடுங்கி, காற்றை முழுக்க இறக்கி, மீட்டர் முள் பூஜ்யத்துக்கு வந்தபிறகே ஸ்பானரைத் தொடுங்கள். வால்வைத் துடைத்தாலே பல நேரம் சரியாகிவிடும். ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். மற்ற கசிவுகளைச் சோப்பு நுரை காட்டிக்கொடுக்கும்.

துருவேறி டேங்கே கசிகிறதா? வெல்டிங் வைத்து ஒப்பேற்றாதீர்கள். வெடிக்கக்கூடும். டேங்கையே மாற்றிவிடுங்கள்.