வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை
(அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"சென்னை நகரின் முன்னேற்றமும் நம் குடும்ப நலனும்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மெட்ரோ, மழைநீர், குப்பை, காற்று எல்லாம் இதில் அடங்கும். எனக்குக் கிடைத்திருப்பதோ பத்து நிமிடம். ஆகவே நம் வீட்டுப் பெண்களும் வயதானவர்களும் வெளியே போய் வருவதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

2015 ஜூன் மாதம் கோயம்பேடு - ஆலந்தூர் இடையே மெட்ரோ ஓடத் தொடங்கியது. 2019 பிப்ரவரியில் மண்ணடிக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் வந்தது. 2021இல் விம்கோ நகர் வரை நீண்டது. அடுத்த கட்டமாக ஏறத்தாழ 119 கிலோமீட்டருக்கு வேலை நடக்கிறது. நல்ல காரியம்தான். ஆனாலும் நம் குடும்பங்களை அதிகம் தொட்டது மெட்ரோ அல்ல, சாதாரண டவுன் பஸ் என்பது என் கருத்து.

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பிறகு இந்தச் சலுகை திருநங்கையருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுக்குத் துணையாக வருபவருக்கும் விரிந்தது. ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. வசதியானவர்களுக்கு அது சின்னத் தொகை. வீட்டில் தையல் மெஷின் வைத்துப் பிழைக்கும் சகோதரிக்கு அது ஒரு கேஸ் சிலிண்டர்.

பணத்தை விடவும் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கல்வி உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வரும் பெற்றோரிடம் பேசிப் பாருங்கள். "ஃபீஸை எப்படியாவது கட்டிடலாம், தினமும் போய் வர்ற செலவுக்கு என்ன பண்றது?" என்பார்கள். பள்ளி முடித்த பெண்பிள்ளையைத் தொலைவில் இருக்கும் கல்லூரிக்கு அனுப்பாமல், பக்கத்தில் இருக்கிற ஏதோ ஒரு படிப்பில் சேர்த்துவிடுவார்கள். அந்தக் கேள்வி இப்போது கொஞ்சம் தணிந்திருக்கிறது. உம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக மகனின் பைக்குக்கோ ஆட்டோவுக்கோ காத்திருந்த மகள், இன்று தானே கிளம்பிவிடுகிறாள்.

ஆனால் உம்மாவால் பஸ்ஸில் ஏற முடிய வேண்டுமே! பழைய பேருந்துகளின் படிக்கட்டு முழங்கால் வலிக்காரர்களுக்கு மலை ஏறுவது மாதிரி. மாற்றுத்திறனாளிகளுக்காகப் போராடியவர்கள் உயர் நீதிமன்றம் வரை போய் வாதாடினார்கள். 2024 ஆகஸ்டில் சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. அவையும் தாழ்தளம்தான். சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சாய்வுப் பலகை உண்டு, புகை கிடையாது. அதே ஆண்டு செப்டம்பரில் 'சென்னை ஒன்' செயலியும் வந்தது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட். வீட்டில் இருக்கும் பிள்ளைகள் பெரியவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுங்கள்.

குப்பையைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. வலீமா முடிந்து நாம் வீசும் பிளாஸ்டிக் டம்ளரும் தண்ணீர் பாட்டிலும் வடசென்னையில் கொடுங்கையூருக்குத்தான் போகின்றன. அங்கேயும் நம் மக்கள் குடியிருக்கிறார்கள். மண்டபத்திலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டு தொட்டி வையுங்கள்.

இப்போது கொஞ்சம் கசப்பான பேச்சு. பஸ் வந்துவிட்டது, டிக்கெட்டும் இலவசம். வாசலிலிருந்து நிறுத்தம் வரை எப்படிப் போவது? 2014இலேயே சென்னை மாநகராட்சி நடப்பவர்களுக்காகவும் சைக்கிளில் போகிறவர்களுக்காகவும் ஒரு கொள்கை வகுத்தது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதம் இவர்களுக்கு என்றது அந்தக் கொள்கை. சில சாலைகளில் அகலமான நடைபாதை வந்தது. 2019இல் தியாகராய நகர் பாண்டி பஜாரில் நடப்பவர்களுக்கென்றே வளாகம் திறந்தார்கள். துணி வாங்கப் போகிறவர்கள் அங்கே குழந்தையைக் கையில் பிடித்து நிம்மதியாக நடக்கிறார்கள். அந்த நிம்மதி மண்ணடியிலும் திருவல்லிக்கேணியிலும் ஏன் இல்லை? மாநகராட்சியைக் கேட்க வேண்டியதுதான், கேட்போம். ஆனால் ஜும்ஆ நேரத்தில் நடைபாதை முழுக்கப் பைக் நிறுத்துவது யார்? கடையின் சரக்கை நான்கடி வெளியே தள்ளி அடுக்குவது யார்? வியாபாரம் நடக்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கைத்தடி ஊன்றிப் போகும் மூதாட்டி, நம் சரக்கு மூட்டையைச் சுற்றிக்கொண்டு ஓடும் வண்டிகளுக்கு நடுவில் இறங்குகிறார். அவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், மருத்துவ உதவி மனு நம் மேஜைக்குத்தான் வரும். கூட்டத்தில் இருக்கும் கடைக்காரச் சகோதரர்கள் ஓர் ஆள், ஒரு தள்ளுவண்டி போகும் அளவுக்காவது வழி விடுங்கள். ஜமாஅத் நிர்வாகிகள் வெள்ளிக்கிழமை வண்டி நிறுத்த வேறு இடம் பார்த்து, இரண்டு தன்னார்வலர்களை நிறுத்துங்கள்.

வெளியே மேஜையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். உங்கள் தெருவில் நிழற்குடை இல்லாத நிறுத்தம், உடைந்த நடைபாதை, இரவில் விளக்கு எரியாத இடம் எதுவானாலும் எழுதுங்கள். தெருப் பெயரும் பக்கத்தில் இருக்கும் அடையாளமும் போதும். பெண்கள் அவசியம் எழுத வேண்டும், அந்த வழியில் தினமும் நடப்பவர்கள் நீங்கள். வார்டு வாரியாகப் பிரித்து மண்டல அலுவலகத்தில் மனுவாகக் கொடுப்போம். என்ன பதில் வந்தது என்பதை அடுத்த இதழில் வெளியிடுவோம். வஸ்ஸலாம்.