மணி பார்த்து எழுதிய துக்கம்

இரண சிகிச்சைக்குப் பின் கிருமித் தொற்றால் மூண்டு, சில தினங்களுக்குள்ளேயே மனிதரைக் கொண்டுபோய்விடக்கூடிய செப்சிஸ் என்னும் வியாதியைப் பற்றி, காரணம், பரிசோதனை, மருந்து என்று கிரமமாகப் பேசும்படி வானொலி நிலையத்தார் பணித்திருக்கிறார்கள். ஆனால் சத்திர வைத்தியனாகக் காலம் கழித்த எனக்கு, மருந்துகளைவிட, இந்த வியாதிக்குத் தம்மவரைப் பறிகொடுத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தவர்களின் முகங்களே முந்திக்கொண்டு வருகின்றன.

மாரடைப்பில் தந்தையை இழந்தவர் அந்த ஒரு க்ஷணத்தைச் சொல்லி அழுவார். புற்றுநோயில் இழந்தவர் வருஷங்களைச் சொல்வார். செப்சிஸில் இழந்தவரோ மணிக்கணக்கைச் சொல்வார். வேறோர் ஊரில் பித்தப்பைக் கல்லுக்காக அறுவை செய்துகொண்ட மனைவியை இழந்த பள்ளி ஆசிரியர் ஒருவர், குழந்தைகளின் கணக்கு நோட்டில் கோடு கிழித்து, இடப்பக்கம் மணியும் வலப்பக்கம் நிகழ்ச்சியுமாக எழுதி எடுத்து வந்தார். ஆறு மணி: காபி வேண்டாம் என்றாள். ஒன்பது: மூச்சு வாங்கியது, நர்ஸிடம் சொன்னேன், வாயு என்றார்கள். பதினொன்று: கை சில்லிட்டிருந்தது, ஜுரம் இல்லை. நாலு: என்னைப் பார்த்து 'அண்ணா, எப்போ வந்தே?' என்றாள். விரலை அந்த வரிகளின்மேல் ஓட்டிக்கொண்டே, "டாக்டர், நான் எந்த வரியில் கத்தியிருக்கணும்?" என்று கேட்டார். "ஒன்பது மணிக்கே சொல்லிவிட்டீர்களே; காது கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்கவில்லை" என்றேன். அதை அவர் ஏற்றுக்கொண்டதாகத் தோன்றவில்லை.

ஜுரம் இல்லை என்று அவர் எழுதியதை நேயர்கள் கவனிக்க வேண்டும். கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடம்பு தன் நிதானம் தவறி, ரத்தக் குழாய்களைத் தளரவிட்டு, மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போதிய ரத்தம் எட்டாமற் செய்துவிடுவதே இவ்வியாதி. அதற்கு ஜுரம் இருந்தே தீரவேண்டுமென்பதில்லை, வயோதிகர்களுக்கு உடம்பு குளிர்ந்து போவதுமுண்டு.

அந்த நோட்டைப் பார்த்ததும் எனக்கு லண்டன் மாநகரத்துத் தத்துவ ஞானி வில்லியம் காட்வின் நினைவுக்கு வந்தார். பெண்களின் உரிமைக்காக வாதாடிய மேரி உல்ஸ்டன்கிராஃப்டை அவர் மணந்தது 1797 மார்ச்சில். அவ்வாண்டு ஆகஸ்டு 30, புதன்கிழமை இரவு, மருத்துவச்சியின் துணையோடு அந்த அம்மைக்குப் பெண் குழந்தை பிறந்தது. நஞ்சுக்கொடி விழவில்லை. வரவழைக்கப்பட்ட வைத்தியர் உள்ளே கைவிட்டு, துண்டு துண்டாக அதை எடுத்தார். முழுவதும் வந்துவிட்டதென்று திருப்தியும் கொண்டார். மயக்க மருந்தும் கையுறையும் இல்லாத காலம். அந்தக் கை அதற்குமுன் எதைத் தொட்டிருந்தது என்று கேட்பதற்கு எவருக்கும் தோன்றாத காலம். இரண்டு மூன்று நாள் எல்லாம் சுகமாகவே தோன்றிற்று. ஞாயிறன்று குளிர் ஜன்னி கண்டது. தசையெல்லாம் நடுங்கி, பற்கள் கிடுகிடுத்து, படுத்திருந்த கட்டிலே அதிர்ந்ததாகக் காட்வின் எழுதுகிறார். தாய்ப்பாலைக் குழந்தைக்குக் கொடுக்கலாகாது என்று வைத்தியர் ஒருவர் தடுத்துவிட, கட்டிய பாலை வாங்க நாய்க்குட்டிகளைக் கொண்டுவந்து விட்டார்களாம்! பிறகு திராட்சை மது கொடுத்துப் பார்த்தார்கள். செப்டம்பர் 10 காலை, எட்டுக்கு இருபது நிமிஷம் இருக்கையில், முப்பத்தெட்டு வயதில், அந்த அம்மையின் ஆவி பிரிந்தது. ஓயாமல் எழுதும் அந்தத் தத்துவ ஞானி அன்றைய நாட்குறிப்பில் அந்த மணியை மட்டும் எழுதி, கீழே வெறுங் கோடுகளை இழுத்து வைத்தார். அந்தக் குழந்தைதான் பிற்காலத்தில் 'ஃபிராங்கன்ஸ்டைன்' எழுதிய மேரி ஷெல்லி.

அந்த அம்மையைக் கொண்டுபோனது பிரசவ ஜன்னி, அதாவது பிரசவத்தின்பின் வரும் செப்சிஸ்; இதில் என் மனம் ஆறாத இடம் ஒன்று உண்டு. அதற்கு இரண்டே ஆண்டு முன்னர், 1795-இல், ஸ்காட்லாந்தில் அபர்தீன் நகரத்து அலெக்ஸாண்டர் கார்டன் என்ற வைத்தியர், பிரசவ ஜன்னி என்பது நோயாளியிடமிருந்து வைத்தியரும் மருத்துவச்சியும் அடுத்த வீட்டுக்குச் சுமந்து செல்வதே என்றும், தாமே அப்படிப் பலருக்குச் சுமந்து சென்றதாகவும் புத்தகமே எழுதினார். ஊரார் மெச்சவில்லை, ஏசினார்கள். வியன்னாவில் ஸெம்மல்வைஸ் என்ற வைத்தியர் கை கழுவச் சொன்னது 1847-இல். அவரும் 1865 ஆகஸ்டு 13-இல் செப்சிஸிலேயே மாண்டார். அதற்கு முந்திய தினம், கிளாஸ்கோவில், கால் முறிந்த ஒரு சிறுவனின் புண்ணுக்கு லிஸ்டர் என்ற சத்திர வைத்தியர், கிருமிநாசினியான கார்பாலிக் அமிலத்தில் தோய்த்த துணியைக் கட்டினார்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நிலைய நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஆகவே, இரண சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர் நேயர்கள் இல்லத்தில் யாரேனும் இருந்து, அவருக்கு மூச்சு இரைத்தாலும், பேச்சுத் தடுமாறினாலும், காலையிலிருந்து சிறுநீர் இறங்காவிட்டாலும், நடுக்கம் கண்டாலும், விடியட்டுமென்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று, 'இது செப்சிஸாக இருக்குமோ?' என்று கூச்சப்படாமல் வாய்விட்டுக் கேட்பீர்கள் என நம்பி, லிஸ்டரின் கதையை வேறொரு தருணத்துக்கு வைத்துக்கொண்டு விடைபெறுகிறேன்.